பாத்திரம் அறிந்து

சென்ற ஆண்டு டிசம்பரில் ஏற்காட்டில் ஒரு விடுதி அரங்கில் நடந்த கூட்டத்துக்கு என்னை அழைத்திருந்தார்கள். மலைக் கிராமத்துப் பிள்ளைகளின் படிப்புக்கு உதவும் ஓர் அறக்கட்டளை, தன் கொடையாளர்களுக்காக நடத்திய ஆண்டுக் கூட்டம் அது. தமிழ் இலக்கியத்தில் ஈகை என்று அரைமணி நேரம் பேச வேண்டும். எங்களைப் போன்ற தமிழாசிரியர்களை இத்தகைய கூட்டங்களுக்குக் கூப்பிடுவது கல்யாணத்துக்கு நாதசுரம் வைப்பதைப் போன்றது. இருந்தாக வேண்டும், கேட்டாக வேண்டும் என்பதில்லை.

எனக்கு முன்னால் பேசியவர் ஓர் ஆடிட்டர். தெளிவாகப் பேசினார். அரசு ஏழைக்கென்று ஒதுக்கும் ஒரு ரூபாயில் பதினைந்து காசுதான் ஏழைக்குப் போய்ச் சேர்கிறது என்று 1985ல் ராஜீவ் காந்தி சொன்னதை நினைவூட்டினார். பின்னர் அமெரிக்காவுக்குப் போனார். அங்கே அரிசோனா மாநிலத்தில், ஏழைகளுக்கு உதவும் அங்கீகாரம் பெற்ற அமைப்புகளுக்குக் கொடுக்கும் தொகையை, ஓர் உச்சவரம்புக்குள், மாநில வருமான வரியிலிருந்தே அப்படியே கழித்துக்கொள்ளலாம். நூறு டாலர் கொடுத்தால் வரியில் நூறு டாலர் குறையும். டாக்ஸ் கிரெடிட் என்பது அதன் பெயர். இங்கும் அப்படி ஒரு ஏற்பாடு வந்தால் சர்க்கார் அலுவலகங்களை நம்பியிருக்க வேண்டாம், நம் பணம் யாருக்குப் போகிறது என்று நமக்குத் தெரியும், மலையின் முகமே மாறிவிடும் என்றார். அரங்கு கைதட்டியது. நானும் தட்டினேன். அவர் சொன்னதில் பாதி எனக்கு அனுபவத்தில் தெரிந்த உண்மை.

எது அந்தப் பாதி என்பதை முதலில் சொல்லிவிடுகிறேன். நான் பணிபுரியும் கல்லூரிக்குச் சேர்வராயன் மலையிலிருந்து ஒவ்வோர் ஆண்டும் சில மாணவர்கள் வருகிறார்கள். மலையாளிப் பழங்குடியினர். பெயரைக் கேட்டுக் கேரளம் என்று எண்ணிக்கொள்வோர் இன்றும் உண்டு. மலையை ஆள்பவர் என்ற பொருளில் வந்த பெயர் என்பார்கள், காஞ்சிபுரத்திலிருந்து மலையேறியவர்கள் என்பது அவர்களுடைய வழிவழிக் கதை. தமிழகப் பழங்குடியினரில் எண்ணிக்கையில் பெரிய சமூகம் அவர்களே. 2011 கணக்கெடுப்பின்படி மூன்றரை லட்சம் பேர். இம்மாணவர்களுக்கு அரசின் கல்வி உதவித்தொகை உண்டு. அது அவர்களுடைய உரிமை, யாரிடமும் கைகட்டி நிற்க வேண்டியதில்லை. ஆனால் ஜூனில் கட்ட வேண்டிய விடுதிக் கட்டணத்துக்கு அது அடுத்த மார்ச்சில் வந்து சேர்ந்த ஆண்டுகளை நான் பார்த்திருக்கிறேன். சாதிச் சான்றில் ஓர் எழுத்து, ஆதாரில் வேறு எழுத்து என்பதற்காக ஒரு மாணவன் மூன்றுமுறை மலையேறி இறங்கினான். அறக்கட்டளையின் காசோலையோ ஜூன் பத்தாம் தேதிக்குள் வந்துவிடும். பசிக்கிற நேரத்தில் வருவதுதானே சோறு.

பிறகு என்ன தயக்கம் என்று கேட்கலாம். அந்தத் தயக்கத்தை அன்று மேடையில் ஆபுத்திரன் கதையாகச் சொல்லிவிட்டு இறங்கிவிட்டேன். இங்கே கொஞ்சம் விரித்துச் சொல்ல முயல்கிறேன்.

மணிமேகலையின் கையிலிருக்கும் அமுதசுரபிக்கு முந்தைய உரிமையாளன் ஆபுத்திரன். ஊரால் விலக்கப்பட்டு மதுரைக்கு வந்து, வீடு வீடாகப் பிச்சை எடுத்து, கண் தெரியாதவர், காது கேளாதவர், கால் முடமானவர், ஆதரவற்றவர், நோயாளிகள் எல்லோரையும் கூப்பிட்டு உண்ணவைத்துவிட்டு, மிஞ்சியதைத் தான் உண்டு, ஓட்டைத் தலைக்கு வைத்துத் தூங்குகிறவன். ஒரு மழையிரவில் பசித்து வந்தவர்களுக்குக் கொடுக்க ஒன்றுமில்லாமல் அவன் தவித்தபோது சிந்தாதேவி குறையாத பாத்திரத்தைக் கொடுக்கிறாள். அதன்பின் அவன் புகழ் பரவுகிறது. இந்திரனின் இருக்கை ஆடுகிறது. வரம் தருகிறேன் என்று வந்த இந்திரனைப் பார்த்து ஆபுத்திரன் சிரித்துவிடுகிறான். சினந்த இந்திரன் செய்த பழிவாங்கல் இலக்கியத்தில் வேறெங்கும் நான் காணாதது: பன்னிரண்டு ஆண்டு வறண்டு கிடந்த பாண்டி நாட்டில் மழையைப் பெய்யவைத்தான். நாடு செழித்தது. பசித்தவர் எவரும் இல்லை. உண்ண வருவார் உண்டோ என்று ஆபுத்திரன் தெருத்தெருவாகக் கேட்டுப் போனபோது ஊர் அவனைப் பார்த்துச் சிரித்தது. அவன் சோறிட்ட அம்பலத்தில் சூதாடிகளும் வீணர்களும் கூடினார்கள். சாவக நாட்டில் பஞ்சம் என்று கேள்விப்பட்டுக் கப்பலேறுகிறான். வழியில் மணிபல்லவத்தில் அவனை விட்டுவிட்டுக் கப்பல் போய்விடுகிறது. தன் ஒரு வயிற்றுக்கு இந்தப் பாத்திரமா என்று அதைக் கோமுகிப் பொய்கையில் விட்டுவிட்டு உண்ணாமல் இறக்கிறான்.

இருபது ஆண்டுகளாக இக்கதையை வகுப்பில் நடத்தி வருகிறேன். இந்திரன் பொறாமைக்காரன், ஆபுத்திரன் தியாகி என்று முடிப்பதே வழக்கம். தேர்வுக்கும் அதுவே போதும். சில ஆண்டுகளுக்கு முன் ஒரு மலை மாணவன் எழுந்து கேட்டான்: "மழை பெஞ்சது நல்லதுதானுங்களே ஐயா?" வகுப்பு சிரித்தது. நானும் ஏதோ சொல்லிச் சமாளித்தேன். காப்பிப் பூ பூக்கும் பருவத்தில் ஒரு மழை தவறினால் ஆண்டு முழுவதற்கும் வருமானமில்லை என்று அறிந்த வீட்டுப் பிள்ளை அவன். அவன் நிற்கும் இடத்திலிருந்து பார்த்தால் அக்கதை தலைகீழாகத் திரும்பிவிடுகிறது. பாத்திரம் வைத்திருப்பவனுக்குப் பசித்தவன் தேவைப்படுகிறான். மழைக்கு யாரும் தேவையில்லை. அது முகம் பார்த்துப் பெய்வதில்லை.

பாத்திரம் அறிந்து பிச்சையிடு என்கிறது நம் பழமொழி. இங்கே பாத்திரம் என்பது ஓடோ தட்டோ அல்ல. வாங்கத் தகுதியுடைய ஆள். நம் ஈகை மரபின் பெருமையையும் சிக்கலையும் ஒரே சொல்லில் அடக்கிவிட்டது பழமொழி. கொடுக்கிறவன் தகுதி பார்ப்பான். பார்க்க அவனுக்கு உரிமையும் உண்டு, ஏனென்றால் அது அவன் பணம். 1867ல் வடலூரில் தருமசாலை தொடங்கிய வள்ளலார் பசி ஒன்றையே தகுதியாகக் கொண்டு அடுப்பு மூட்டினார் என்பதை நாம் இன்றும் வியந்து பேசுகிறோம் என்றால், அது எவ்வளவு அரிதாக இருந்திருக்கிறது என்று பாருங்கள்.

இப்போது கணக்குக்கு வருகிறேன். தமிழாசிரியன் வரிக்கணக்கு பேசுவதைப் பொறுத்துக்கொள்ள வேண்டுகிறேன். 1961ஆம் ஆண்டு வருமான வரிச் சட்டத்தின் 80ஜி பிரிவு நம்மில் பலருக்குத் தெரிந்ததே. 2025ல் இயற்றப்பட்ட புதிய சட்டம் பிரிவின் எண்ணை மாற்றியிருக்கிறது, பழக்கத்தில் நாம் இன்னும் பழைய எண்ணைத்தான் சொல்கிறோம். பெரும்பாலான தனியார் அறக்கட்டளைகளுக்கு ஆயிரம் ரூபாய் கொடுத்தால், ஐந்நூறு ரூபாயை வருமானத்திலிருந்து கழித்துக்கொள்ளலாம். வரியிலிருந்து அல்ல, வருமானத்திலிருந்து. முப்பது விழுக்காடு வரி கட்டுபவருக்கு இதனால் மிச்சமாவது நூற்றைம்பது ரூபாய். மீதி எண்ணூற்றைம்பது அவர் கைக்காசு. ஐந்து விழுக்காடு கட்டுபவருக்கு மிச்சம் இருபத்தைந்து ரூபாய். வருமான வரி கட்டும் அளவுக்கு வருமானம் இல்லாத கூலிக்காரர் உண்டியலில் போடும் பத்து ரூபாய்க்கு ஒன்றுமில்லை. கொடைக்கு அரசு தரும் பாராட்டுங்கூட வரிப்படியைப் பொறுத்ததே. 2020ல் வந்த புதிய வரி முறையைத் தேர்ந்தவர்களுக்கு இந்தக் கழிவும் கிடையாது. வேறு முறையைக் கேட்டு வாங்காதவர்களுக்கு அதுவே பொது முறை என்று 2023ல் ஆகிவிட்டது. கூட்டம் முடிந்து தேநீர் குடிக்கும்போது அறக்கட்டளையின் பொருளாளர் சொன்னார்: ரசீது கேட்பவர்கள் குறைந்துவிட்டார்கள், ரசீதுக்காகக் கொடுத்தவர்களும் குறைந்துவிட்டார்கள். குறையாமல் கொடுத்து வருபவர்களை அவர் விரல்விட்டு எண்ணினார். அவர்கள்மேல் எனக்கு மரியாதை உண்டு. அது அவர்கள் காசு.

ஆடிட்டர் கேட்கும் டாக்ஸ் கிரெடிட் இதிலிருந்து வேறானது. அங்கே ஆயிரம் கொடுத்தால் வரியில் ஆயிரமும் குறைகிறது என்றால், கொடுத்தவர் கையிலிருந்து ஒரு காசும் போகவில்லை. கருவூலத்துக்குப் போக வேண்டிய பணம் வழியில் திசைமாறி ஓர் அறக்கட்டளைக்குப் போகிறது. பெயர்ப்பலகையில் இருப்பது கொடையாளியின் பெயர், பணம் ஊர்ப்பணம். அதை ஈகை என்று எந்த இலக்கணத்தில் சொல்வது? சரி, பெயரில் என்ன, பணம் போய்ச் சேர்ந்தால் சரி என்று விடலாம். ஆனால் அந்த ஊர்ப்பணம் எங்கே போக வேண்டும் என்று முடிவு செய்யும் உரிமை வருமான வரி கட்டுபவர்களுக்கு மட்டும் கிடைத்துவிடுகிறது. நம் நாட்டில் அவர்கள் மக்கள்தொகையில் மிகச் சிறு பகுதியினர். நாகலூர்ச் சந்துக்கடையில் சோப்பு வாங்கும் கிழவியும் வரி கட்டுகிறாள், அதற்கு அவளிடம் ரசீது இல்லை, கிரெடிட்டும் இல்லை. அவளுக்கு இருப்பது ஓர் ஓட்டு. ஏற்காடு, பழங்குடியினருக்கென ஒதுக்கப்பட்ட சட்டமன்றத் தொகுதி. அந்த ஓட்டுக்கு அங்கே கொஞ்சமாவது எடை உண்டு. பணம் கருவூலத்தை விட்டு விலகிப் போகப் போக, அவள் ஓட்டு தொடக்கூடிய பரப்பும் சுருங்குகிறது.

அமெரிக்காவிலும் இது தனியாக வந்ததல்ல. 1935 முதல் ஏழைக் குடும்பங்களுக்கு உரிமையாக இருந்துவந்த உதவியை, உரிமை என்ற நிலையிலிருந்து நீக்கியது 1996ல் பில் கிளின்டன் கையெழுத்திட்ட சட்டம். அதே சட்டம் தேவாலயங்களும் தொண்டு அமைப்புகளும் அரசுப் பணத்தில் அந்தப் பணியைச் செய்ய வழிவிட்டது. அரிசோனாவின் வரிச்சலுகை அந்தப் பத்தாண்டின் இறுதியில் வந்தது. ஒரு கை எடுத்துக்கொண்டதை இன்னொரு கை தரும் என்ற நம்பிக்கை. நாம் அந்தக் கதையின் இரண்டாம் பாதியை மட்டும் இறக்குமதி செய்யப் பார்க்கிறோம்.

நமக்கு நம்முடைய கதையே இருக்கிறது, அது எதிர்த்திசையில் நடந்தது. 1956ல் காமராசர் காலத்தில் பரவிய மதிய உணவுத் திட்டம் ஊரார் கொடையில்தான் தொடங்கியது. பொதுக் கல்வி இயக்குநராக இருந்த நெ.து. சுந்தரவடிவேலு ஊர் ஊராகப் போய்க் கேட்டார். நெல்லும் பருப்பும் விறகும் வந்தன. பிறகு அரசு மானியம் சேர்ந்தது. 1961 முதல் அமெரிக்காவின் கேர் நிறுவனம் உணவுப்பொருள் தந்தது. தமிழ்நாட்டின் பெருமைமிக்க அத்தியாயம் அது, குறை சொல்ல எனக்கு மனமில்லை. ஆனால் கொடையின் இயல்பு ஒன்றுண்டு. விளைச்சல் உள்ள ஊரில்தான் கொடுக்க ஆள் இருக்கும். பசி அதிகமுள்ள ஊரில் கொடுக்கிறவர் குறைவு. நல்ல மழை ஆண்டில் சோறு தாராளம், வறட்சி ஆண்டில் நெல் கேட்டுப் போகும் வீடே பிச்சைக்கு நிற்கும். 1982 ஜூலையில் எம்.ஜி.ஆர். சத்துணவுத் திட்டத்தைத் தொடங்கியபோது பொருளாதாரம் அறிந்தோர் பலர் சிரித்தார்கள். அன்று முதல் ஒரு பள்ளியில் அடுப்பு எரிய, அந்த ஊரில் ஒரு வள்ளல் இருந்தாக வேண்டும் என்ற நிலை மாறியது. 2022 செப்டம்பரில் காலை உணவுத் திட்டம் 1,545 தொடக்கப் பள்ளிகளில் தொடங்கியபோது முதற்கட்டத்திலேயே மலைப்பகுதிப் பள்ளிகளையும் சேர்த்தார்கள். எந்தக் கொடையாளிக்கும் அது முதலில் தோன்றியிருக்காது என்றே நினைக்கிறேன். எட்டு மணிக்கு மலைக் குழந்தை வெறும்வயிற்றோடு நடந்து வருவதைப் பார்க்க, எட்டு மணிக்கு அங்கே இருக்க வேண்டும்.

எங்கள் கொடையாளர்கள் பதினொரு மணிக்கு வருவார்கள். இதைக் கேலியாகச் சொல்லவில்லை. இருபது கொண்டை ஊசி வளைவு ஏறிவர நேரமாகும். டிசம்பர், ஜனவரி விடுமுறைகளில் வண்டிகள் வரிசையாக வரும். கம்பளி, நோட்டு, தண்ணீர் பாட்டில், சாயப் பென்சில். நாட்டு நலப்பணித் திட்ட முகாமுக்காக மாணவர்களோடு தங்கியிருந்த ஆண்டில், தார்ச்சாலையை ஒட்டிய ஒரு பள்ளியில் ஒரே மாதத்தில் மூன்றுமுறை கம்பளி கொடுத்ததைப் பார்த்தேன். மூன்றாம் முறை வாங்கியவற்றைத் தலைமையாசிரியர் பீரோவில் அடுக்கி வைத்தார். அங்கிருந்து ஜீப் மட்டுமே போகும் மண்பாதையில் முக்கால் மணிநேரம் உள்ளே இருந்த ஊருக்கு ஒன்றும் போகவில்லை. கெட்ட எண்ணம் எவருக்கும் இல்லை. காருக்குப் போகும் பாதை எங்கே முடிகிறதோ அங்கே கருணையும் முடிகிறது, அவ்வளவுதான்.

நிறுவனங்களின் கதையும் ஏறத்தாழ இதுவே. 2013ஆம் ஆண்டுக் கம்பெனிச் சட்டம், 2014 ஏப்ரல் முதல், பெரிய நிறுவனங்கள் தம் சராசரி லாபத்தில் இரண்டு விழுக்காட்டைச் சமூகப் பணிக்குச் செலவிட வேண்டும் என்றது. தாம் இயங்கும் வட்டாரத்துக்கு முன்னுரிமை தரவும் சொன்னது. சேர்வராயன் மலையிலிருந்து பல ஆண்டுகள் பாக்சைட் வெட்டி மேட்டூர் அலுமினிய ஆலைக்கு இறக்கினார்கள். அந்தச் சட்டம் வந்தபோது அந்த வெட்டு நின்றுபோயிருந்தது. மண் போனது, வட்டாரம் என்ற தகுதியும் உடன் போனது.

மழை எல்லா இடத்திலும் ஒழுங்காகப் பெய்கிறது என்று நான் சாதிக்கவில்லை. காக்பர்ன் என்ற சேலம் கலெக்டர் பத்தொன்பதாம் நூற்றாண்டின் முற்பகுதியில் காப்பியைக் கொண்டுவந்த நாளிலிருந்து இம்மலையில் துரையின் தயவு என்பது ஒரு நிர்வாக முறையாகவே இருந்தது. 1951ல் தோட்டத் தொழிலாளர் சட்டம் வந்து வீடு, மருத்துவம், ஐம்பது பெண்கள் வேலை செய்யும் இடத்தில் பிள்ளைக் காப்பகம் என்று தயவைச் சட்டமாக்கியது. ஆனால் ஓர் அளவுக்குக் குறைந்த தோட்டங்களுக்கு அச்சட்டம் பொருந்தவில்லை. இரண்டு ஏக்கரில் காப்பியும் மிளகும் வைத்திருக்கும் மலையாளிக் குடும்பம் முதலாளியுமில்லை தொழிலாளியுமில்லை. பெயரளவில் உடைமையாளர், பிழைப்பளவில் கூலி. இப்படிப்பட்ட இடைவெளிகளில் அறக்கட்டளைகள் வரத்தான் வேண்டும். ஆபுத்திரன் முதலில் கூப்பிட்டவர்களை நினைத்துப் பாருங்கள்: கண்ணில்லாதவர், காலில்லாதவர். நாட்டில் மழை பெய்தாலும் அவர்களுக்கு ஒரு கை வேண்டும். காவியம் இதைக் கவனிக்காமல் எல்லோருக்கும் வயிறு நிறைந்துவிட்டது என்று கடந்துபோவது எனக்கு எப்போதும் ஒரு குறையாகவே படும். மழையையும் பாத்திரத்தையும் எதிரெதிராக நிறுத்தியது இந்திரனின் கோபம். நாம் அப்படி நிறுத்த வேண்டியதில்லை. மழைக்குரிய நீரை அள்ளிப் பாத்திரத்தில் ஊற்ற வேண்டும் என்று கேட்கும்போதுதான் நான் தயங்குகிறேன்.

என் தயக்கத்துக்குச் சொந்தக் காரணமும் ஒன்று உண்டு. மேடையில் அதைச் சொல்லவில்லை.

அந்த அறக்கட்டளைக்கு மாணவர்களைப் பரிந்துரைப்பவன் நான். விண்ணப்பத்தில் 'குடும்ப நிலை' என்று அரைப்பக்கக் கட்டம் உண்டு, ஆசிரியர்தான் நிரப்ப வேண்டும். முதலில் இரண்டு வரி எழுதினேன். தேர்வாகவில்லை. விவரமாக எழுதுங்கள் ஐயா, கொடையாளர்கள் படிப்பார்கள் என்றார்கள். மொழி தெரிந்தவன் அல்லவா, விவரமாக எழுதினேன். ஒழுகும் கூரை, தாயின் இருமல், குடிக்கும் தகப்பன். நான் எழுதியவர்கள் எல்லோரும் தேர்வானார்கள். சக ஆசிரியர்கள், உங்கள் கைராசி என்றார்கள். மழையைப் பற்றிக் கேட்டானே, அந்த மாணவனுக்கும் எழுதினேன். கையெழுத்துப் போட வந்தவன் நின்று முழுவதையும் படித்தான். "எங்கப்பா எப்பவாச்சும்தானுங்க குடிப்பாரு" என்றான். பிறகு, "அந்த ஒரு வரிய எடுத்திடலாங்களா ஐயா?" எடுத்தேன். இன்னொரு வரியைக் கூட்டி எழுதி ஈடுகட்டினேன். அவனுக்குப் பணம் வந்தது.

அடுத்த ஆண்டு எனக்கு ரோஷம் வந்தது. ஐந்து மாணவர்களுக்கும் அந்தக் கட்டத்தில் ஒரே வாக்கியம் எழுதினேன்: இவர் எங்கள் கல்லூரி மாணவர், கட்டணம் செலுத்த இயலாதவர். இருவருக்குக் கிடைத்தது. மற்ற மூவரில் இருவர் அரசு உதவித்தொகை வரும்வரை எப்படியோ சமாளித்தார்கள். ஒருத்தி தீபாவளிக்குப் போனவள் திரும்பவில்லை. திருப்பூரில் பனியன் கம்பெனியில் இருப்பதாக அவள் ஊர்ப்பையன் சொன்னான்.

கூட்டம் முடிந்து கீழே இறங்கும்போது பொருளாளர் என் கையில் ஓர் உறை கொடுத்தார். வரும் ஆண்டுக்கான விண்ணப்பங்கள். இம்முறை கட்டம் முழுப்பக்கமாகியிருந்தது, புகைப்படம் ஒட்டவும் இடம் விட்டிருந்தார்கள். ஆறு மாணவர்கள். சென்ற வாரம் உட்கார்ந்து ஆறையும் நிரப்பினேன். நன்றாகவே வந்திருக்கிறது.